ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? அடுக்குத் தரவும் எஸ்.க்யூ.எல். வினாவும்

1970-ஆம் ஆண்டில், ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய எட்கர் காட், தரவுகளை உறவுகளாக, அதாவது அட்டவணைகளாகக் கொள்ளவேண்டும் என்ற சித்தாந்தத்தை வெளியிட்டபோது, ஓர் ஊழியரின் விவரத்துக்குள் அவர் வகித்த பதவிகளும், ஒவ்வொரு பதவிக்குள்ளும் அவர் பெற்ற சம்பளங்களும், வேறொரு கிளையாக அவருடைய குழந்தைகளும் அடங்கிய அமைப்பை உதாரணமாக எடுத்துக்கொண்டு, அதனை நான்கு தனி அட்டவணைகளாகப் பிரித்துக் காட்டினார். இன்று ஜேசன் என்ற தரவு வடிவில் ஆவணமாக நம்மிடம் வந்து சேர்வது பெரும்பாலும் அதே அடுக்கு அமைப்புத்தான். இதைக் கண்டு உறவுச் சித்தாந்தம் காலாவதியாயிற்று என்பாரும் உளர். அந்த அபிப்பிராயம் பொருந்தாது என்பதும், சேமிக்கும்போது நிகழ்ந்த பிரிப்பு வினவும் நேரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டதேயன்றி ஒழிந்துவிடவில்லை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

காட் காட்டிய ஊழியரையே ஆவணமாக்கிப் பார்ப்போம். அவர் மூன்று பதவிகள் வகித்தவர். இரண்டு குழந்தைகளின் தந்தை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓர் அணியை வரிசைகளாக விரிக்கும் செயற்கூற்றை பதவி, குழந்தை ஆகிய இரண்டு அணிகளுக்கும் ஒரே வினாவின் ‘ஃப்ரம்’ பகுதியில் பக்கம் பக்கமாகப் பயன்படுத்தினால், ஒவ்வொரு பதவியும் ஒவ்வொரு குழந்தையோடும் இணைந்து ஆறு வரிசைகள் தோன்றும். பதவிக்கும் குழந்தைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாதிருந்தும், அவ்வாறு ஒன்றிருப்பதாக அவ்வரிசைகள் சாட்சி சொல்லும். அவற்றின்மேல் சம்பளத்தைக் கூட்டினால் தொகை இரட்டித்துவிடும். குழந்தையற்ற ஊழியரோ, அவரது அணி வெறுமையாக இருப்பதால், விடையிலிருந்தே மறைந்துபோவார்; அவரைக் காப்பாற்ற இடது புற இணைப்பை வினவுவோரே எழுதியாக வேண்டும். வினா பிழையின்றி ஓடி முடிவதால், இவ்விரு தவறுகளையும் இயந்திரம் எடுத்துச் சொல்வதில்லை.

எஸ்.க்யூ.எல். தர நூலின் 2016-ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றதும், மைஎஸ்க்யூஎல் 8.0, போஸ்ட்கிரெஸ்க்யூஎல் 17 ஆகியவற்றில் கிடைப்பதுமான ‘ஜேசன் டேபிள்’ என்ற செயற்கூறு இவ்விடத்தில் ஆழ்ந்த கவனத்துக்குரியது. அதில் உள்ளடுக்குகளை ‘நெஸ்டெட் பாத்’ என்ற தொடரால் குறித்தால், உடன்பிறந்த கிளைகள் பெருக்கப்படாமல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டு, மூன்றும் இரண்டும் சேர்ந்து ஐந்து வரிசைகளே கிடைக்கும். ஒரு கிளையின் வரிசையில் மற்றதன் நிரல்கள் வெற்றிடமாக நிற்கும். பிள்ளையற்ற பெற்றோரும் தம் வரிசையை இழப்பதில்லை. சுருக்கெழுத்து வசதியாக மட்டும் இதனைக் கருதலாகாது. அடுக்கின் அர்த்தத்தை மதிக்கும் முடிவு ஒன்று மொழியின் இலக்கணத்திலேயே பதிந்திருப்பதற்கு இது ஆதாரம்.

எனினும் இலக்கணம் எல்லாவற்றையும் காத்துவிடாது. ஓர் உறவின் வரிசைகளை அடுக்காகக் கூட்டி மீண்டும் விரித்தால் பழைய உறவு மீளுமென்றும், விரித்த அடுக்கை மீண்டும் கூட்டினால் பழைய அடுக்கு எப்போதும் மீளும் என்பதில்லையென்றும் ஆய்வாளர்களான யெஷ்கேயும் ஷெக்கும் 1982-இல் நிறுவினர். ஊழியர் எண்ணை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்து விரித்தவர், மீண்டும் கூட்டும்போது, ஒரே பெயருடைய இருவரின் மக்களை ஒரே குடும்பமாக்கிவிடுவார். காட் தம் நான்கு அட்டவணைகளிலும் ஊழியர் எண்ணை இறக்கி வைத்ததன் ரகசியம் இதுவே. ஜேசனில் குழந்தை தன் பெற்றோரைத் தான் இருக்கும் இடத்தால் மட்டுமே அறியும். விரித்தவுடன் அந்த இடம் போய்விடும். ஆகையால் இடத்தை எண்ணாக மாற்றிக்கொடுப்பதும், விடையின் ஒரு வரிசை ஊழியரையா, பதவியையா, குழந்தையையா குறிக்கிறது என்பதை முன்கூட்டியே தீர்மானிப்பதும் வினவுவோரின் கடமையாகின்றன. காட் ஒருமுறை செய்துவைத்த அக்காரியத்தை, இன்று ஒவ்வொரு வினாவிலும் நாம் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது.