பந்தல் எழுந்த திடல்கள்

திருவிழாவுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவது நம் மரபில் பெருங்குறை. ஆனால் ஆயிரம் பேர் ஒரே நாளில் வந்து உண்டு செல்லும் இடத்தை ஆண்டு முழுவதும் கட்டிக் காப்பது எந்த ஊருக்கும் கட்டுப்படியாகாது. இதற்குத் தமிழர் கண்ட விடை பந்தல். வேண்டும்போது எழும், வேலை முடிந்ததும் இறங்கும், கூட்டம் பெருத்தால் நான்கு கால் கூடுதலாக நட்டு நீட்டிக்கொள்ளலாம். பேராக் மாநிலத்தில் இந்தப் பந்தல் கடந்து வந்த வழியைச் சற்றே நோக்குவோம்.

திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் இன்னும் நுணுக்கமான செய்தி கிடைக்கிறது. தண்ணீர்ப்பந்தலுக்கு நிலம் விட்டவர்கள், நீர் இறைப்பவருக்கும் கலம் கொடுக்கும் குயவருக்கும் கூட நெல் ஒதுக்கியிருக்கிறார்கள். கூரை போட்டுவிட்டால் தருமம் தானாக நடந்துவிடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பேராக்கின் கோலகங்சாரில் 1877இல் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்கள் பெருகியபோது, கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவந்தனர். லயங்கள் எழுந்தன, அவற்றின் அருகே மாரியம்மனும் முனீஸ்வரரும் குடியேறினர். லய வீட்டின் நெருக்கத்தில் பத்துப் பேருக்குச் சேர்ந்தாற்போல் இலை போட முடியுமா? ஆகவே திருவிழாச் சோறு வெளியிலேதான். கோயிலைச் சுற்றிய வெட்டவெளியோ, காலையில் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும் களமோ அன்றைக்கு அன்னசாலை ஆகிவிடும்.

அந்த அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் அதில் உள்ள திட்டம் விளங்கும். மூங்கிலோ காட்டுக் கம்போ கால். மேலே தென்னங்கீற்றோ அத்தாப்பு ஓலையோ, பிற்காலத்தில் தார்ப்பாயோ. காற்று அடிக்கும் திசை பார்த்து, புகை பந்தியின் பக்கம் வராதபடி ஓரமாகக் கோட்டையடுப்பு. நீளமாக வெட்டிய குழியின்மேல் அண்டாக்கள் வரிசையாக ஏறும். பால் வற்றி வெட்டிச் சாய்த்த ரப்பர் மரமே விறகு. பந்தி என்பதுதான் இதன் உயிர்நாடி. மேசையும் நாற்காலியும் இல்லாததால் தரையே இருக்கை. பாய் விரித்த நீளமே பந்தியின் அளவு. ஒரு வாசலால் நுழைந்து, உண்டு, மறு வாசலால் இறங்கினால் அங்கே கை கழுவத் தண்ணீர். எச்சில் இலைக்குக் குழி அதற்கும் அப்பால். சோறு போகும் வழியும் எச்சில் போகும் வழியும் குறுக்கிடுவதில்லை. அடுத்த பந்திக்குக் காத்திருப்போர் நிற்க நிழலும் உண்டு. வரைபடம் எதுவும் இல்லாமல், வாத்தியாரும் தண்டலும் நின்று கை காட்டி முடித்துவிட்ட வேலை இது.

இதைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்தார்கள் என்று பெருமை பேச நமக்கு உரிமையில்லை. தாழ்த்தப்பட்டோருக்குத் தனி லயம் ஒதுக்கிய தோட்டங்கள் இருந்தன. லயத்தில் இருந்த பிரிவு பந்தியில் இல்லாமற் போகுமா? 1929 டிசம்பரில் மலாயா வந்த பெரியார், ஈப்போவில் கூடிய தமிழர் சீர்திருத்த மாநாட்டில் கலந்துகொண்டார். அதன்பின் வளர்ந்த சீர்திருத்த இயக்கத்தின் முதன்மையான கோரிக்கைகளுள் சாதி ஒழிப்பும் ஒன்று. பந்தல் எத்தனை பேருக்கும் விரியும். மனம் விரிவதற்குத்தான் காலம் பிடித்தது.

பிறகு அவசரகாலம். 1948 ஜூனில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் துரைமார் மூவர் சுடப்பட்டதை அடுத்து அது அறிவிக்கப்பட்டு, 1960 வரை நீடித்தது. அரிசிக்குப் பங்கீடு, காட்டில் இருப்போர் கைக்குச் சேர்ந்துவிடும் என்பதால் உணவை வேலியைத் தாண்டிக் கொண்டுசெல்லத் தடை, இரவில் ஊரடங்கு. ஊர் கூடி உண்பதற்கு எது எது தேவையோ, அத்தனையும் அனுமதிக்கு உட்பட்ட காலம் அது.

அதைவிடப் பெரிய அடி தோட்டத் துண்டாடல். வெள்ளையர் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் 1950களிலும் 60களிலும் கூறுகூறாகக் கைமாறின. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கி அவர்களைக் காப்பதற்காக. ஆயினும் பல தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. வேலையும் வீடும் போனதைக் கணக்கிட்டவர்கள் உண்டு. பந்தல் போடும் திடல் போனதை யாரும் இழப்புக் கணக்கில் எழுதவில்லை.

திடலை இழந்தவர்களில் பலர் பட்டணத்துக்கு வந்தனர். ஈப்போவில் புந்தோங் பழைய தமிழர் குடியிருப்பு. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் அங்கே கச்சான் பூத்தே தொழிலை வளர்த்தனர். கடலை, முறுக்கு, ஓமப்பொடி எனத் தட்டில் அடுக்கித் தலையில் சுமந்து, காகிதச் சுருளில் போட்டுக் கொடுத்த அந்த வணிகத்துக்குக் கடையே இல்லை. விழா எங்கேயோ அங்கே கடை.

தைப்பூசத்தில் புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் வரை பக்தர்கள் காவடியும் பால்குடமும் ஏந்தி நடக்கும் வழியில், தோட்டத்துப் பந்தலின் வாரிசுகளைக் காணலாம். கீற்றின் இடத்தில் இரும்புக் குழாயும் கித்தானும்; அண்டாவின் கீழ் எரிவாயு. மோரும் பானகமும் மாறவில்லை. ஆனால் வட்டமாகக் கூடிய கூட்டம் இங்கே நீண்ட வரிசையாகிவிட்டது. உட்கார்ந்து உண்ணும் பந்தி குறைந்து, நடந்தபடியே வாங்கிக் குடிப்பது மிகுந்தது. அதனால் குப்பையும் ஓரிடத்தில் சேராமல் சாலை நெடுகச் சிதறுகிறது. வாழையிலைக்கு ஒரு குழி போதுமாயிருந்தது. நெகிழிக் குவளைக்கு அது போதாது.

விழாக்களுக்கென நிலையான உணவங்காடி கட்டித் தரவேண்டும் என்ற கோரிக்கை எழும்போதெல்லாம், இந்த வரலாற்றை முன்னால் வைக்கவேண்டும் என்பது நம் கருத்து. பத்துக் கடைகளைச் சிமெந்தில் கட்டிவிட்டால், மறு வாரமே அவை பத்துப் பேரின் வாடகைக் கடைகள். விழா நாளில் பதினோராவது அடுப்புக்கு இடம் கேட்டு அலைய வேண்டும். நிலையாக வேண்டியவை வேறு: தண்ணீர்க் குழாய்கள், மாலை மழை தேங்காதபடி சரிவும் மூடிய சாக்கடையும், மின்சார முனைகள், கம்பு நட இரும்புக் குழிகள். எஞ்சியது திறந்த வெளியாகவே இருக்கட்டும். ஈப்போவில் இன்னொன்றும் பார்க்கவேண்டும். 1973 அக்டோபரில் குனோங் சீரோவில் சுண்ணாம்புப் பாறை பெயர்ந்து விழுந்து சுமார் நாற்பது உயிர்கள் மாண்டன. மலையடி நிழல் குளிர்ச்சியானதுதான்; ஆனால் அடுப்பையும் பந்தியையும் பாறைச் சுவரிலிருந்து தள்ளி, வெயில் விழும் பக்கத்தில் போட்டு, மேலே கித்தான் கட்டிக்கொள்வதே சரி.