ட்ரோபோனின்: பொய் சொன்னதாகப் பழி சுமந்த ஒரு ரத்தப் பரிசோதனை

கிட்னி செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் பெரும்பாலும் எதனால் இறந்துபோகிறார்கள்? கிட்னியால்தான் என்று பட்டென்று சொல்லத் தோன்றும். இல்லைங்க, அதிகம் பேரைக் கொண்டுபோவது இதயம். இது மருத்துவ உலகத்துக்கு உறைக்கவே பதினாலு வருஷம் ஆச்சு. அப்புறம் அந்த ஆபத்தைக் காட்டிக்கொடுக்க ஒரு ரத்தப் பரிசோதனை வந்தபோது, "இது பொய் சொல்லுது" என்று அதை ஓரங்கட்டி வெச்சாங்க. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். அதனால வைத்திய ஆலோசனையா எடுத்துக்காம, சரித்திரமா மட்டும் படிங்க.

கதை நெதர்லாந்தில் ஆரம்பிக்குது. 1943, ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த நேரம். காம்பன் என்ற சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வில்லம் கோல்ஃப் என்ற இளம் டாக்டர், சாசேஜ் சுற்றப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை ஒரு உருளையில் சுற்றி, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் சுழலவிட்டார். குழாய்க்குள்ளே நோயாளியின் ரத்தம். ரத்தத்திலிருக்கும் யூரியா செல்லோஃபேன் வழியாகத் தண்ணீருக்குப் போய்விடும். ஆனாலும் ஆரம்பத்தில் நோயாளிகள் ஒவ்வொருத்தராக இறந்தார்கள். 1945-ல் 67 வயசுப் பெண்மணி ஒருவர் கோமாவிலிருந்து கண் விழித்ததுதான் முதல் தெளிவான வெற்றி.

ஆனா ஒரு சிக்கல். ஒவ்வொரு தடவையும் ரத்தக்குழாயைப் புதுசா வெட்டணும். சில தடவைக்கு அப்புறம் வெட்ட இடம் இருக்காது. அதனால் தற்காலிகமாகக் கிட்னி நின்றுபோனவர்களுக்கு மட்டும்தான் இது உதவியது. 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர் அதற்கு வழி கண்டுபிடித்தார். தமனிக்கும் சிரைக்கும் நடுவே கையிலேயே நிரந்தரமாக இருக்கும் ஒரு டெஃப்லான் குழாய். நம்ம வீட்டு நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கே, அதே டெஃப்லான். ரத்தம் அதில் ஒட்டாது, சுலபத்தில் உறையாது.

அந்த வருஷம் மார்ச்சில் அதை முதலில் பொருத்திக்கொண்டவர் க்ளைட் ஷீல்ட்ஸ். போயிங் கம்பெனியில் மெஷினிஸ்ட், வயசு 39. சாவு நிச்சயம் என்றிருந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். 1962-ல் சியாட்டிலில் தனி டயாலிசிஸ் மையமே வந்தது. இடம் கொஞ்சம், ஆட்கள் நிறைய. யாருக்கு மெஷின் கொடுப்பது என்று முடிவு செய்ய வக்கீல், பாதிரியார், பேங்க்காரர், குடும்பத்தலைவி என்று ஏழு பேர் கொண்ட ஒரு கமிட்டி. அதே வருஷம் 'லைஃப்' பத்திரிகையில் ஷானா அலெக்சாண்டர் இதைப்பற்றி எழுத, அமெரிக்காவே அதிர்ந்தது. 1972-ல் அரசே செலவை ஏற்கும் சட்டம் வந்ததும் மெஷினுக்கான வரிசை குறைந்தது. எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பாங்க.

இதற்கிடையில் க்ளைட் ஷீல்ட்ஸ் என்ன ஆனார்? பதினோரு வருஷம் வாழ்ந்துவிட்டு 1971-ல் காலமானார். காரணம் மாரடைப்பு.

அவர் மட்டும் இல்லை. 1974-ல் லிண்ட்னர், ஸ்க்ரிப்னர் குழுவினர் சியாட்டில் நோயாளிகள் 39 பேரின் பதிமூன்று வருஷக் கணக்கை வெளியிட்டார்கள். 23 பேர் இறந்திருந்தார்கள். அதில் 14 சாவுக்குக் காரணம் ரத்தக்குழாய் தடிப்பு: மாரடைப்பு 8, பக்கவாதம் 3, இதயச் செயலிழப்பு 3. தன் சாதனையின் மறுபக்கத்தை ஸ்க்ரிப்னரே பெயர் போட்டு எழுதியதை நான் பெரிசா நினைக்கிறேன்.

சரி, இதயம் அடிபடுவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? ரத்தத்தில் மாரடைப்பைத் தேடும் வித்தை 1954-லேயே வந்தாச்சு. செல் செத்தால் அதற்குள் இருக்கும் என்சைம் ரத்தத்தில் கசியும், அதை அளக்கலாம். ஆனா அந்த என்சைம் கல்லீரலிலும் இருக்கு, கைகால் தசையிலும் இருக்கு. அப்புறம் வந்த சி.கே. பரிசோதனையும் ஏறக்குறைய அதே கதைதான். 1989-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் ஹூகோ காட்டுஸ் குழுவினர் ட்ரோபோனின் டி என்ற புரதத்தை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். தசை சுருங்குவதைக் கட்டுப்படுத்தும் புரதம் இது. இதயத்தில் இருக்கும் வகை வேறு, கைகால் தசையில் இருக்கும் வகை வேறு. இதய வகை ரத்தத்தில் இருந்தால் இதயத்துக்கு ஏதோ ஆகியிருக்கு என்று அர்த்தம்.

பிரமாதம் இல்லையா? டயாலிசிஸ் நோயாளிகளிடம் அளந்து பார்த்தபோதுதான் குழப்பம். நெஞ்சுவலி இல்லை, ஈ.சி.ஜி.யில் புதுசா ஒண்ணும் இல்லை, ஜாலியா பேப்பர் படிச்சிட்டு மெஷின் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவருக்கு ட்ரோபோனின் எகிறி நிற்குது!

உடனே சந்தேகம் பரிசோதனை மேல் திரும்பியது. முதல் தலைமுறைக் கருவி கைகால் தசையின் ட்ரோபோனினையும் கொஞ்சம் சேர்த்து எண்ணியது உண்மைதான். அதைச் சரிசெய்து இரண்டாம் தலைமுறை வந்தது. அப்பவும் எண் இறங்கவில்லை. நோயுற்ற தசை இதய வகையைத் தயாரிக்குதோ, கெட்ட கிட்னி அதை வெளியேற்றாமல் தேக்குதோ என்று அடுத்தடுத்த விளக்கங்கள். இன்னொரு குடைச்சல், இதன் சகோதரப் புரதமான ட்ரோபோனின் ஐ அதே ஆட்களில் பெரும்பாலும் நார்மல். இரண்டு சாட்சி, இரண்டு வாக்குமூலம். "கிட்னி நோயாளியா? ட்ரோபோனின் டி-யை நம்பாதே" என்பது வழக்கமானது.

நம்ம துறையில் இது தெரிஞ்ச வியாதி. சர்வரில் ஒரு எச்சரிக்கை எப்பவும் சிவப்பாவே எரிஞ்சா, ஒரு கட்டத்துல "அது அப்படித்தான் எரியும்" என்று பழகிடுவோம். எரிந்த சர்வர்களுக்கு ஆறு மாசம் கழித்து என்ன ஆச்சு என்று எண்ணிப் பார்க்கிற ஆள் ரொம்ப அபூர்வம்.

இங்கே எண்ணிப் பார்த்தார்கள். 2002-ல் ஃப்ரெட் ஆப்பிள் குழுவினர் கடைசிக்கட்ட கிட்னி நோயாளிகள் 733 பேரின் ரத்தத்தை அளந்து, பின்தொடர்ந்தார்கள். 82 சதவீதம் பேருக்கு ட்ரோபோனின் டி இயல்புக்கு மேல். ட்ரோபோனின் ஐ வெறும் 6 சதவீதம் பேருக்கு. இரண்டு வருஷத்தில் இறந்தவர்கள்? ட்ரோபோனின் டி இயல்பாக இருந்தவர்களில் 8.4 சதவீதம். கொஞ்சம் கூடியவர்களில் 26. அடுத்த படியில் 39. உச்சத்தில் 47.

படிக்கட்டு மாதிரி ஏறுது பாருங்க. பொய் சொல்லும் பரிசோதனை இப்படி ஏறாது. 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, டயாலிசிஸ் நோயாளிகளின் ஆபத்தைக் கணிக்க ட்ரோபோனின் டி-யைப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது.

அப்போ மாரடைப்பே இல்லாமல் இதயம் ஏன் கசிகிறது? ரத்த அழுத்தத்தால் தடித்த இதயச் சுவர், ரத்தசோகை, சுண்ணாம்பு படிந்த குழாய்கள், வாரம் மூணு தடவை ஏறி இறங்கும் தண்ணீர்ச் சுமை. சிகிச்சையே கூட ஒரு அடி. 2009-ல் பிரிட்டனில் 70 பேரை டயாலிசிஸ் நடக்கும்போதே எக்கோ எடுத்துப் பார்த்ததில், 64 சதவீதம் பேருக்கு இதயச் சுவரின் சில பகுதிகள் அந்த நேரத்தில் மந்தமாயின. உயிர் கொடுக்கும் மெஷின் ஒவ்வொரு தடவையும் இதயத்தைக் கொஞ்சம் கிள்ளி எடுக்குது.

இதுல நடைமுறைக் குழப்பம் ஒண்ணு இருக்கு. எங்க பெரியப்பா டயாலிசிஸில் இருப்பவர். ஒருநாள் ராத்திரி மூச்சுத்திணறல் என்று அழைத்துப்போனோம். ரிப்போர்ட்டில் ட்ரோபோனின் அதிகம். "டயாலிசிஸ் பேஷண்டுக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் ஒரு டாக்டர். அடுத்து வந்தவர், "மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுங்க" என்றார். இரண்டாவது எண்ணும் கிட்டத்தட்ட அதே. மாரடைப்பு இல்லை, நுரையீரலில் தண்ணீர் கோத்திருந்தது. தண்ணீரை எடுத்ததும் மூச்சு சீரானது. மாரடைப்பு என்றால் எண் ஏறணும் அல்லது இறங்கணும் என்று 2018-ல் வந்த சர்வதேச வரையறையும் சொல்கிறது. ஒரே எண் நீண்டகாலச் சேதத்தைச் சொல்லும்; இரண்டு எண்ணுக்கு நடுவிலுள்ள வித்தியாசம்தான் இன்றைய ஆபத்தைச் சொல்லும்.

இத்தோட 'சுபம்' போட எனக்கும் ஆசைதான். ஆனா ஆபத்து தெரிந்த அளவுக்கு மருந்து தெரியவில்லை. 2005-ல் ஜெர்மனியில் டயாலிசிஸில் இருந்த சர்க்கரை நோயாளிகள் 1,255 பேரை வைத்து நடந்த 4டி ஆய்வில், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரை கொலஸ்ட்ராலை நன்றாகவே குறைத்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு ஆகியவற்றின் மொத்தக் கணக்கைச் சொல்லும்படி குறைக்கவில்லை. 2020-ல் கிட்னி நோய் முற்றிய 777 பேரிடம் (பாதிக்கும் மேல் டயாலிசிஸில் இருந்தவர்கள்) ஸ்டென்ட், பைபாஸ் வழியைச் சோதித்தார்கள். மாத்திரையை விட அது மேலாக இல்லை. டயாலிசிஸ் திரவத்தைக் கொஞ்சம் குளிராக்கினால் இதயம் தப்புமா என்று கனடாவில் 15,000 பேருக்கு மேல் பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. அதிலும் பலன் இல்லை, குளிரில் நடுங்கினதுதான் மிச்சம்.

பழைய இதய மருந்து ஆய்வுகள் பலவும் கிட்னி நோயாளிகளை "கணக்கைக் குழப்புவாங்க" என்று சேர்க்கவே இல்லை. ட்ரோபோனினுக்கு நடந்ததும் அதேதான். குழப்புகிற எண்ணைத் தள்ளினோம், குழப்புகிற மனிதர்களையும் தள்ளினோம். க்ளைட் ஷீல்ட்ஸ் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் பதில் அரைகுறையாக இருப்பதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கட்சி.

உங்க வீட்டில் யாராவது டயாலிசிஸில் இருந்தால், அவர் நல்லா இருக்கும்போது ஒரு ட்ரோபோனின் அளவு எடுத்து வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்க. பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அவசர ராத்திரியில் ஒப்பிட ஒரு எண் கையில் இருக்கும். அனுபவம் உள்ளவங்க பின்னூட்டத்தில் எழுதினா நானும் தெரிஞ்சுக்குவேன்.