இராமானுஜன் பெயர் தாங்கிய நிறுவனம்

கணித ஆராய்ச்சிக்கு வேண்டுவன யாவை? தொலைநோக்கி வேண்டா, உலைக்களம் வேண்டா, காகிதமும் எழுதுகோலும் போதும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆயினும் அந்தக் காகிதத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு உணவும் நூல்களும் கவலையற்ற காலமும் வேண்டும் அல்லவா? இவற்றை அளிக்க வேண்டியவர் யார் என்ற வினாவுக்குச் சென்னையிலுள்ள இராமானுஜன் நிறுவனத்தின் வரலாறு விடை கூறுகிறது.

பட்டம் ஏதும் பெறாத சீனிவாச இராமானுஜனுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. துறைமுக அலுவலகத்தில் கணக்கெழுதிய கை, அதன் பின்னரே முழுநேரமும் கணிதம் எழுதியது. 1920-இல் அம்மேதை மறைந்தார். அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் எழுவதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

நாடு குடியரசான அதே நாளில், 1950 ஜனவரி 26-இல், அழகப்பச் செட்டியாரின் கொடையால் இராமானுஜன் நிறுவனம் தோன்றியது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்த வள்ளல் அவரே. முதல் இயக்குநராகத் தி. விஜயராகவன் அமர்ந்தார். இராமானுஜனை உலகறியச் செய்த ஹார்டியிடமே ஆக்ஸ்போர்டில் பயின்று, அலிகாரிலும் டாக்காவிலும் கற்பித்தவர் அவர். பிழைப்பும் பணியும் அழைத்த இடமெல்லாம் சென்ற அவருடைய வாழ்க்கை, பிற மாநிலங்களில் வாழும் நமக்கு அயலானதன்று.

1955-இல் விஜயராகவன் காலமானார். அவருக்குப் பின் சி. டி. இராஜகோபால் பொறுப்பேற்றார். கேரளத்துப் பழங்கணிதர் கண்ட முடிவிலாத் தொடர்களை ஆராய்ந்து வெளிப்படுத்தியவர்களுள் அவரும் ஒருவர். எனினும் ஒருவர் கொடையையே நம்பி நின்ற நிறுவனத்தின் நிதிநிலை தளர்ந்துவந்தது. 1957-இல் அழகப்பரும் மறைந்தார். நிறுவனம் மூடப்பட்டுவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது.

அவ்வேளையில் துணைநின்றவர், கடல் கடந்து அமெரிக்காவில் பணியாற்றிய வானியற்பியல் அறிஞர் சு. சந்திரசேகர். லாகூரில் பிறந்து சென்னையில் பயின்ற அவர், பிரதமர் நேருவிடம் இந்நிறுவனத்துக்காக முறையிட்டார். அவ்வாண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது. 1967-இல் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையும் அதனோடு இணைந்து, உயராய்வு நிறுவனமாயிற்று. முதுகலைப் படிப்பும் முனைவர் ஆராய்ச்சியும் இன்று சேப்பாக்கத்தில் ஒரே கூரையின்கீழ் நடைபெறுகின்றன.

வள்ளலின் கொடை ஒரு நிறுவனத்தைப் பிறப்பிக்கும். பொதுமக்களின் பொருளும் பொறுப்புமே அதனை நிலைநிறுத்தும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இக்கட்டான காலத்தில், தொலைவில் வாழ்ந்த ஒருவர் தாமாக முன்வந்து பேசியதும் பயன்பட்டது. ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்துள்ள நாம், இவ்வரலாற்றில் சிறப்பாக நினைவிற்கொள்ளத் தக்க செய்தி அதுவேயாகும்.