கல்வெட்டை எண்ணிப் பார்த்தவர்கள்

கல்வெட்டு, பழைய ஆவணம் என்று வேலை செய்யும் ஆராய்ச்சி மாணவர்கள் பலர் இப்போ பைத்தான் கத்துக்க ஆரம்பிச்சிருக்காங்க. "வரலாறு படிக்கிறவங்களுக்கு புரோகிராமிங் எதுக்கு?" என்ற கேள்வியும் கூடவே வருது. அதுக்கு நம்ம ஊர் வரலாற்று ஆய்விலேயே ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பதில் இருக்கு. இன்றைய எபிசோடில் அதைப் பார்ப்போம்.

1970களில் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினியின் துணையோடு தொகுத்தார்கள். அது 1978-ல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. என்ன லாபம்? நாலு கல்வெட்டைக் காட்டி ஒருவர் ஒன்றைச் சொன்னால், வேறு நாலைக் காட்டி இன்னொருவர் மறுத்துவிடலாம். எல்லாவற்றையும் எண்ணிவிட்டால் பேச்சே வேறு.

849 முதல் 1279 வரையிலான சோழர் காலத்தை 985, 1070, 1178 ஆகிய ஆண்டுகளில் வெட்டி நான்கு கட்டங்களாக்கினார்கள். எந்தக் கட்டத்தில் எந்தப் பட்டம் எவ்வளவு வருது என்று பார்த்தார்கள். ஊர்ப்பெயரோடு 'உடையான்' என்று வந்தால், அங்கே நிலம் உடையவர் என்று கொள்ளலாம். 'மூவேந்தவேளான்' அரசு அதிகாரிகளோடு சேர்ந்து வரும் பட்டம். ராஜராஜன் காலத்திலிருந்து ஓங்கி, பிறகு தேய்ந்துபோகுது. அதாவது, யாரிடம் நிலம் இருந்தது, யாரிடம் அதிகாரம் இருந்தது என்ற கேள்விக்குப் பெயர்களே சாட்சி.

இப்போ கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு வருவோம். தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர், மலையமான்களின் ஊர். அங்கே கீழையூர் வீரட்டானேசுவரர் கோயிலில் நிறையச் சோழர் கல்வெட்டுகள் இருக்கு. ராஜராஜனின் தாய் வானவன் மாதேவியையும், சங்கப் புலவர் கபிலரையும் சொல்லும் கல்வெட்டும் அங்கேதான். இதே வேலையை இங்கே சின்ன அளவில் நீங்களே ஆரம்பிக்கலாம். ஒரு அட்டவணை: கல்வெட்டு எண், ஊர், அரசன், ஆட்சியாண்டு, பெயர், பட்டம். பைத்தானில் ஒரு லிஸ்ட், ஒரு லூப், எண்ணிக்கையை வைக்க ஒரு டிக்ஷனரி. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும்.

ஆனா சிக்கல் கோடில் இல்லை, அதுக்கு முன்னாடி இருக்கு. 'ராஜேந்திரசோழ' என்று தேடினால் அரசனும் வருவான், 'ராஜேந்திரசோழ மூவேந்தவேளான்' என்ற அதிகாரியும் வருவார். 'வேளான்', 'வேளார்' இரண்டும் ஒன்றா, வேறா? ஒரே ஆள் மூன்று கல்வெட்டில் வந்தால் ஒருவரா, மூவரா? யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தையே இரண்டு விதமாகப் பதியலாம். நம்ம கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. அதனால் எழுத்துகளை முதலில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரணும். மற்றதை எல்லாம் கணினி முடிவு பண்ணாது. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர்தான் முடிவு பண்ணணும், அந்த முடிவை எழுதியும் வைக்கணும். அப்போதான் அடுத்தவர் சரிபார்க்க முடியும்.

இன்னொன்று. அதே மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. அங்கே வாழும் மலையாளி பழங்குடியினர் கேரளத்துக்காரர்கள் இல்லை; மலையை ஆள்பவர்கள் என்று அந்தப் பெயருக்குப் பொருள் சொல்வாங்க. காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்பது அவர்களிடம் வழங்கும் கதை. 1970கள் வரைக்கும் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. கோயில் கல்வெட்டை மட்டும் எண்ணினால், தானம் கொடுத்தவரும் நிலம் உடையவரும் அட்டவணையை நிறைப்பாங்க. கல்லில் பெயர் வெட்டாத மக்கள் பூஜ்யமாகத்தான் தெரிவாங்க. தரவில் பூஜ்யம் என்றால் வரலாற்றில் பூஜ்யம் என்று அர்த்தம் இல்லை.

அதனால் புரோகிராமிங் கத்துக்கோங்க, தயங்க வேண்டாம். பத்துக் கல்வெட்டில் ஆரம்பிங்க. முதலில் கையால் எண்ணிப் பாருங்க, பிறகு கணினியை எண்ணச் சொல்லுங்க. இரண்டு விடையும் ஒத்துவரவில்லை என்றால், ஏன் என்று தேடுங்க. ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.