அறிவியல் ஆசிரியர் பயிற்சி

அறிவியல் ஆசிரியர் பயிற்சி என்பது பாட அறிவு, கற்பித்தல் முறை, ஆய்வகத் திறன் ஆகியவற்றை இணைத்து, பள்ளியில் அறிவியல் கற்பிப்போரை உருவாக்கும் தொழிற்கல்வி. தமிழ்நாட்டில் இது இரு நிலைகளில் அமைகிறது. தொடக்கப் பள்ளிக்குத் தொடக்கக் கல்விப் பட்டயம். உயர்நிலைப் பள்ளிக்கு அறிவியல் பட்டத்துக்குப் பின் பி.எட்.

பி.எட். கல்லூரிகள் 2008இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளால், ஓராண்டுப் படிப்பு 2015 முதல் ஈராண்டானது. பள்ளிக் களப்பணிக்குக் கூடுதல் காலம் தந்ததே இதன் முக்கியப் பயன். அரசுப் பணிக்கு, கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2012 முதல் நடத்தப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வும் தேவை. அதன் இரண்டாம் தாளில் அறிவியல் ஆசிரியருக்கு 150 வினாக்களில் 60 கணிதமும் அறிவியலும் சார்ந்தவை.

பயிற்சியின் முதற்படி நுண்ணிலைக் கற்பித்தல். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான இம்முறையில், பயிற்சி மாணவர் சில நிமிடப் பாடத்தில் வினா கேட்டல், விளக்குதல் போன்ற ஒரே திறனைப் பழகி, கருத்துரை பெற்று மீண்டும் நடத்துகிறார். செய்துகாட்டல், ஆய்வகப் பாதுகாப்பு, மாணவரின் தவறான முன்கருத்துகளைக் கண்டறிதல் ஆகியவை அடுத்து வருகின்றன. நடைமுறையில் இவற்றுள் கடைசியானதே கடினமானது.

உள்ளூர்ச் சூழலும் பாடப்பொருளாகிறது. எடுத்துக்காட்டாக, இராஜபாளையம் நூற்பாலைகளில் நூல் அறாதிருக்க ஈரப்பதம் காக்கப்படுவது இயற்பியலுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம் சூழலியலுக்கும் நேரடிச் சான்றுகள். பணியிலுள்ள ஆசிரியர்களுக்கு மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் பணியிடைப் பயிற்சி அளிக்கின்றன.