மோதியவருக்கே முதலிடமா? ஃபார்முலா 1 தகுதிச்சுற்று விதியை மாற்ற வேண்டுமா?

2021 மொனாக்கோ. தகுதிச்சுற்று முடிய சில நொடிகள்தான் பாக்கி. பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஃபெராரி வீரர் லெக்லெர் தடுப்பில் மோதினார். உடனே சிவப்புக் கொடி. வேகமாக வந்துகொண்டிருந்த வெர்ஸ்டாப்பனால் லேப்பை முடிக்க முடியவில்லை. கடைசியில், மோதியவருக்கே போல் பொசிஷன்!

இது ஏன் பெரிய விஷயம்?
மொனாக்கோ தெருக்கள் குறுகல். முந்துவது ரொம்பக் கஷ்டம். சனிக்கிழமை பிடிக்கிற இடம்தான் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தையே பெரும்பாலும் தீர்மானிக்கும்.

வேணும்னே செய்தால்?
தண்டனை உண்டு. 2006இல் இதே மொனாக்கோவில் ஷூமாக்கர் வளைவில் காரை நிறுத்தினார். அது திட்டமிட்ட செயல் என்று முடிவுசெய்த நடுவர்கள், அவரைக் கடைசி இடத்துக்கு அனுப்பினார்கள். ஆனால், ஓட்டுநரின் மனதில் இருந்ததை எப்போதும் நிரூபிக்க முடியாதே?

மாற்று வழி?
அமெரிக்காவின் இண்டிகாரில் நோக்கமெல்லாம் கேட்பதில்லை. சிவப்புக் கொடிக்குக் காரணமானால், அந்தச் சுற்றில் எடுத்த சிறந்த இரண்டு லேப் நேரங்கள் காலி.

அது நியாயமா?
உண்மையிலேயே தவறியவருக்கும் அதே அடிதான். லெக்லெரோ ஏற்கெனவே இழந்துவிட்டார்: கார் கோளாறால் மறுநாள் பந்தயத்தையே தொடங்க முடியவில்லை. ஆனாலும் பாதியில் லேப் பறிபோனவர்கள் எந்தத் தப்பும் செய்யவில்லையே. மோதலின் லாபம் மோதியவருக்குப் போகாமல் இருப்பதே குறைந்தபட்ச நியாயம்.