ஏலமலையில் கட்டே நோய்

தேனி மாவட்டத்தின் மேற்கே உயர்ந்து நிற்கும் ஏலமலை இன்று பெரும்பாலும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குள் அடங்கினாலும், அங்குள்ள ஏலத்தோட்டங்களின் வரலாற்றைக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பிரித்து எழுத இயலாது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகளின் வழியே பள்ளத்தாக்கின் விவசாயிகளும் கூலியாட்களும் மேலேறினர். விளைந்த காய் போடிநாயக்கனூர்ச் சந்தைக்கு இறங்கியது. ஏலத்தைத் தன் தனியுரிமைப் பண்டமாக வைத்திருந்த திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அம்முறையைக் கைவிட்டது. காட்டு நிழலில் தானாக முளைத்து வந்த செடி, அடிக்காடு நீக்கப்பட்டு ஏலம் மட்டுமே நெருங்கி நிற்கும் தோட்டப்பயிராக மாறியபோது, நோய் ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்குத் தாவுவதும் எளிதாயிற்று.

அந்நோய்களுள் கொடியது தேமல் நோய் எனவும் வழங்கும் கட்டே. இளங்குருத்தில் வெளிறிய சிறு கீற்றுகளாகத் தொடங்கி, நடுநரம்பிலிருந்து இலையோரம் வரை விட்டுவிட்டு ஓடும் இணைகோடுகளாக அது நீளும். பின்னர் கிளைக்கும் சிம்புகள், அதாவது தூரிலிருந்து எழும் புதுத்தண்டுகள், குட்டையாகிக் காய்ப்பு ஆண்டுக்காண்டு குறைந்து, இறுதியில் தூரே நலிந்துவிடும். இதற்குக் காரணம் நச்சுயிரி என்பதும், இலையுறைகளுக்குள் ஒளிந்து வாழும் அசுவினி அதைச் சுமந்து செல்கிறது என்பதும் 1940களின் ஆய்வுகளில் தெளிவாயின.

ஆயினும் பழியை அசுவினியின் மீது மட்டும் சுமத்துவது முறையாகாது. விதையின் வழியே பரவாத இந்நோய், நோயுற்ற தூரைப் பிரித்து நடும் பக்கக்கன்றின் வழியே மலைவிட்டு மலை செல்லும். ஞள்ளானி போன்ற மிகுவிளைச்சல் ரகங்களோ தூர்ப்பிரிப்பாலேயே பெருக்கப்படுபவை. 1905இல் நாகசாகியில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட பைன் வாடல் நோயும் இவ்வாறே, நூற்புழுவைச் சுமக்கும் வண்டோடு வெட்டுமரப் போக்குவரத்தும் சேர்ந்துகொண்டதால்தான் ஜப்பானின் பைன் காடுகளைப் பெருமளவில் அழித்தது.

மயிலாடும்பாறையில் 1978இல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் அமைந்த பின்னரும் கட்டே பிடித்த செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடைத்துவிடவில்லை. நோய் கண்ட தூரை வேரோடு தோண்டி அழிப்பதும், நோயற்ற தோட்டத்திலிருந்து மட்டுமே கன்று எடுப்பதும் வழிகளாக உள்ளன. அடுத்தடுத்த தோட்டக்காரர்கள் ஒரே காலத்தில் இவற்றைச் செய்யாவிடில், ஒருவர் அழித்த நோய் மற்றவர் தோட்டத்திலிருந்து மீண்டும் வந்து சேரும்.